உடலுக்கு உரியவர்: புனே நகரின் ஈமக்கடன்கள் பற்றி

1890-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் தேதி சமூகச் சீர்திருத்தவாதியான மகாத்மா ஜோதிராவ் புலே புனே நகரில் தமது இல்லத்தில் காலமானபோது, அவருடைய சரீரத்தை என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு விடை ஏற்கனவே எழுத்தில் இருந்தது. 1887-இல் தாம் எழுதிப் பதிவு செய்த மரண சாசனத்தில், தம்மை எரிக்கலாகாது, உப்பிட்டுப் புதைக்க வேண்டும் என்று அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். வீட்டின் பின்புறத்தில் அதற்கான குழியும் ஆயத்தமாகியிருந்தது. எனினும், குடியிருப்புப் பகுதியில் பிரேதத்தைப் புதைக்க இயலாது என்று நகராட்சி அனுமதி மறுத்துவிட்டபடியால், தாமே சில ஆண்டுகள் அங்கத்தினராக அமர்ந்திருந்த அந்தச் சபையின் முடிவுக்கு உட்பட்டு, அப்பெரியவர் தாம் வேண்டாமென்ற சிதையிலேயே வைக்கப்பட்டார். அஸ்தி மட்டும் பின்னர் அவருடைய வீட்டு வளாகத்துக்குத் திரும்பியது. கஞ்ச் பேட்டையில் இன்று புலே வாடா என வழங்கும் அந்த இடத்துக்குச் செல்பவர்கள் அவருடைய சமாதியைக் காணலாம்.

அந்நாளின் மற்றொரு நிகழ்ச்சி இதனினும் பிரசித்தமானது. பாடைக்கு முன்னே மண்சட்டி ஏந்திச் செல்பவரே இறந்தவரின் வாரிசு என்று கொள்வது மராட்டிய நாட்டு வழக்கம். அந்தச் சட்டியை அவர்கள் ‘டிட்வே’ என்பார்கள். நம் ஊரில் கொள்ளிச்சட்டி பிடிக்கும் உரிமையைப் பற்றிப் பங்காளிகளுக்குள் எழும் பிணக்குகளை அறிந்தவர்களுக்கு, அன்று புலேயின் வீட்டு வாசலில் நடந்தது புதுமையாகத் தோன்றாது. தத்துப் பிள்ளையான யஷ்வந்துக்கு அந்த உரிமை இல்லையென்று உறவினர்கள் வழக்காடியபோது, சாவித்திரிபாய் முன்வந்து அந்தச் சட்டியைத் தம் கையில் ஏந்திக் கணவரின் இறுதி ஊர்வலத்துக்கு முன்னே நடந்தார். பெண்கள் சுடுகாட்டு எல்லைக்கே வரலாகாது என்றிருந்த காலத்தில், விதவையான ஒரு பெண் இதைச் செய்தது எத்தகைய துணிவு என்பதை இன்று முழுமையாக உணர்வது கடினம்.

ஈமக்கடனை முன்கூட்டியே திட்டமிடுவது பற்றியும், அதற்கென ஏற்பட்டிருக்கும் ஸ்தாபனங்களைத் தேர்ந்துகொள்வது பற்றியும் இக்காலத்தில் நிறையப் பேசப்படுகிறது. விலை எவ்வளவு, வண்டி எப்போது வரும், சாமான் யார் கொண்டுவருவார் என்ற கேள்விகளே அப்பேச்சில் முன்னிற்கின்றன. புனே நகரத்தின் சரித்திரத்தைக் கூர்ந்து பார்ப்பவர்க்கோ, இவற்றுக்கெல்லாம் முற்பட்ட கேள்வி ஒன்று உண்டு என்பது புலப்படும்: உயிர் நீங்கிய உடலைப் பற்றி முடிவு சொல்லும் அதிகாரம் யாருக்கு உரியது? இறந்தவரின் விருப்பம், குடும்பம், புரோகிதர், அரசாங்கம், மருத்துவமனை, இப்போது வியாபாரி என்று உரிமை கோருவோர் பலராயிருக்கையில், அந்த அதிகாரம் யாரிடம் என்பதைத் தீர்மானித்து வைக்காத திட்டம் எத்தனை விரிவானதாயினும் பயன்படாது என்பதே என் எண்ணம். புலேயிடம் சாசனம் இருந்தது. ஆயினும் நகராட்சியின் அனுமதி முன்னரே பெறப்படவில்லை. சாவித்திரிபாயிடம் அனுமதிச் சீட்டு எதுவும் இருக்கவில்லை. ஆயினும் அவர் அந்த இடத்தில் நின்றார். எழுத்து, அனுமதி, நிற்கும் ஆள் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைவது அன்றும் அரிது, இன்றும் அரிதாகவே இருக்கிறது.

அரசாங்கம் இந்த விஷயத்தில் எத்தனை ஆழமாகக் கால் வைக்கக்கூடும் என்பதையும் புனே நகரமே ஏழு ஆண்டுகளுக்குள் கண்டது. பம்பாயில் 1896-இல் தோன்றிய பிளேக் நோய் புனேயிலும் பரவியதை அடுத்து, 1897 பிப்ரவரி 4-ஆம் தேதி தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. அதன்படி ஆங்கில அதிகாரி வால்டர் சார்லஸ் ராண்டின் தலைமையில் அமைந்த தனிக் குழு, சிப்பாய்களை வீடு வீடாக அனுப்பி நோயாளிகளைத் தேடியதோடு, மரணம் பதிவு செய்யப்படும்வரை சவ அடக்கமோ தகனமோ நடத்தலாகாது என்றும், பிளேக்கினால் இறந்ததாக ஐயுறப்படும் சரீரங்களுக்குக் குறிப்பிட்ட இடங்களை அன்றி வேறிடம் கூடாது என்றும் கட்டளையிட்டது. அதே நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து அந்நோய்க்கே ஆளாகிய சாவித்திரிபாய் அவ்வாண்டு மார்ச் 10-ஆம் தேதி உயிர் நீத்தார். ஜூன் 22-ஆம் தேதி இரவு, விக்டோரியா மகாராணியின் வைர விழாக் கொண்டாட்டத்திலிருந்து திரும்பிய ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் கணேஷ்கிண்ட் சாலையில் சுட்டதற்குப் பின்னணியில், வீடு புகுந்த சோதனைகளும் பூஜையறையின் அவமதிப்பும் பெண்களுக்கு நேர்ந்த இடையூறுகளும் மட்டுமின்றி, இறந்தவர்களுக்குரிய கடனை அவர்கள் வீட்டாரே தம் முறைப்படி ஆற்ற முடியாமற் போன வேதனையும் அந்த நகரத்தில் கனன்றுகொண்டிருந்தது.

மரணத்தைப் பதிவு செய்தல் என்ற ஏற்பாட்டின் மீது அந்த நிகழ்ச்சிகளின் நிழல் விழுந்திருப்பினும், அந்த ஏற்பாடு இன்றியமையாதது என்பதை மறுக்க முடியாது. இப்போது நடைமுறையிலிருப்பது 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் நேர்ந்தால் அங்குள்ள பொறுப்பு மருத்துவரும், வீட்டில் நேர்ந்தால் குடும்பத் தலைவரும் அதற்குக் கடமைப்பட்டவர்கள். இறப்பு எந்த எல்லைக்குள் நேர்ந்ததோ அந்த எல்லையின் அலுவலகத்திலேயே பதிவாகும் என்பதைப் பலர் அறிவதில்லை. புனே மாநகராட்சி, பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சி, புனே கண்டோன்மென்ட், கட்கி கண்டோன்மென்ட் என்று அடுத்தடுத்துத் தனித்தனி நிர்வாகங்கள் அமைந்துள்ள இந்தப் பிரதேசத்தில், கோத்ரூடில் வாழ்ந்த ஒருவர் சிஞ்ச்வட் மருத்துவமனையில் இறந்தால் அவருடைய மரணச் சான்றிதழைத் தேடிச் செல்ல வேண்டிய இடம் வேறாகிவிடுகிறது.

மரணத்தின் காரணத்தைக் குறிக்கும் மருத்துவச் சான்று மருத்துவமனை இறப்புக்கு 4-ஆம் படிவத்திலும், வீட்டில் நேரும் இறப்புக்கு 4-ஏ படிவத்திலும் தரப்படுகிறது. கடைசி நோயின்போது சிகிச்சை செய்த மருத்துவர் அதைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இங்கேதான் வீட்டில் அமைதியாக உயிர் துறக்க விரும்பும் முதியவர்களின் குடும்பங்கள் இடர்ப்படுகின்றன. பல மாதங்களாக எந்த மருத்துவரும் பார்க்காத ஒருவர் இரவில் உறக்கத்திலேயே இறந்துவிட்டால், புதிதாக அழைக்கப்படும் மருத்துவர் காரணத்தைச் சான்றளிக்கத் தயங்குவது இயல்பே. பிறகு உடல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லப்பட்டு, ‘வரும்போதே இறந்திருந்தார்’ என்று குறிக்கப்பட்டு, காவல் நிலையத்துக்குச் செய்தி போய், 1867 முதல் இந்நகரத்துக்குச் சேவை செய்துவரும் சாசூன் மருத்துவமனையின் பிரேதப் பரிசோதனை அறை வரை செல்ல நேரிடலாம். விபத்து, தற்கொலை, ஐயத்துக்கிடமான மரணம் ஆகியவற்றில் அந்தப் பரிசோதனை அவசியமே. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவு அதைக் கட்டளையிட்டது; 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 194-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. முதுமையால் நேர்ந்த இயல்பான மரணத்துக்கும் அந்த அலைச்சல் வேண்டாமெனில், வீட்டில் படுத்திருக்கும் பெரியவரைக் குடும்ப மருத்துவர் ஒருவர் அவ்வப்போது வந்து பார்த்துக் குறிப்பெழுதி வைத்திருக்கும்படி செய்வதே வழி. ஈமக்கடன் பற்றிய திட்டங்களில் முதன்மையானது இதுதான் என்று சொன்னால் மிகையாகாது.

மருத்துவச் சான்றைக் காட்டி மாநகராட்சியின் சுகாதாரத் துறையிடமிருந்து ‘பாஸ்’ எனப்படும் அனுமதிச் சீட்டைப் பெற்ற பின்னரே சுடுகாட்டில் உடலை ஏற்பார்கள். புனேயின் பிரதான மயானம் நவி பேட்டையில் முட்டா நதியை ஒட்டி அமைந்த வைகுண்ட ஸ்மசான பூமி. முன்னாளில் சனிவார் பேட்டையின் ஓங்காரேஸ்வரர் கோவிலை ஒட்டிய நதிக்கரையிலேயே தகனம் நடந்துவந்தது; அந்தப் பதினெட்டாம் நூற்றாண்டுக் கோவிலின் படித்துறையில் இப்போதும் அபரக் கிரியைகள் நடக்கின்றன. வைகுண்டத்தில் விறகுச் சிதைகளும் மின்சார உலையும் அருகருகே உள்ளன. விறகில் எரிக்க 400 முதல் 500 கிலோ வரை கட்டை வேண்டும். சுற்றிலும் வீடுகள் நெருங்கிவிட்ட நவி பேட்டையில் புகை ஒரு நீண்ட மனக்குறையாகவே இருந்துவருகிறது. மின்சார உலையில் இட்டால் சில மணி நேரத்தில் அஸ்தி கையில் கிடைக்கும். விறகுச் சிதையாயின் மறுநாளோ மூன்றாம் நாளோ திரும்பி வர வேண்டும். மின்சாரத்தில் எரித்தால் மந்திரபூர்வமான அக்கினி சம்ஸ்காரம் ஆகாதே என்ற தயக்கம் பெரியவர்களிடையே இருந்துவந்தது. எந்த முறை என்பதை இறந்தவரே முன்னால் சொல்லிவைத்திருந்தால், மயானத்து வாசலில் மூத்த மகனும் இளைய மகனும் முகம் சுளித்துக்கொண்டு நிற்கும் காட்சிக்கு இடமிராது.

இறந்தவரின் விருப்பம், குடும்பத்தின் மானம், அரசின் அதிகாரம் ஆகிய மூன்றும் ஒரே சிதையின் அருகில் மோதிய சம்பவம் ஒன்று இதே நகரத்தில் நடந்தது. 1942 ஆகஸ்டு முதல் ஆகாகான் மாளிகையில் சிறை வைக்கப்பட்டிருந்த கஸ்தூரிபா காந்தி, 1944 பிப்ரவரி 22-ஆம் தேதி மாலை கணவரின் மடியிலே தலை வைத்தபடி கண் மூடினார். தகனம் எவ்விதம் நடக்க வேண்டும் என்று அரசாங்கம் வினவியபோது, துக்கத்தில் ஆழ்ந்திருந்த எழுபத்து நான்கு வயது முதியவர் நிதானமாக மாற்றுவழிகளை வரிசைப்படுத்திச் சொன்னார்: உடலைப் புதல்வர்களிடமும் உறவினரிடமும் ஒப்படைத்துத் தடையின்றிப் பொது மயானத்தில் தகனம் நடக்க விட வேண்டும், அதற்கு இசையாவிடில், அதே சிறையில் முன்பு இறந்த தம் செயலர் மகாதேவ தேசாய்க்கு நடந்ததுபோல் மாளிகை வளாகத்திலேயே நடத்தி உறவினரையும் நண்பர்களையும் வர அனுமதிக்க வேண்டும், உறவினர் மட்டும் வரலாம், நண்பர்கள் கூடாது என்றால், உடன் சிறையிலிருப்போர் மட்டுமே அதைச் செய்வார்கள். அரசாங்கம் முதலாவதை மறுத்து இரண்டாவதை ஏற்றது. தம்மால் பெற முடியாதது எது, விட்டுக்கொடுக்கக் கூடாதது எது என்பதை அந்த நேரத்திலும் பிரித்தறிந்த அந்த மனத்தெளிவை நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கிறேன்.

சிதைக்குச் சந்தனக் கட்டை வேண்டுமா என்று கேட்கப்பட்டபோது, ஏழையின் துணைவிக்கு அத்தனை விலையுயர்ந்த பொருள் எதற்கு என்று காந்தியடிகள் மறுத்ததாகவும், 1943 பிப்ரவரியில் அவர் மேற்கொண்ட இருபத்தொரு நாள் உண்ணாவிரதத்தின்போது அவர் பிழைக்கமாட்டார் என்று கருதித் தருவித்து வைத்த சந்தனக் கட்டை அங்கேயே இருக்கிறது என்று சிறை அதிகாரி தெரிவித்ததன் பேரில் அதையே பயன்படுத்தியதாகவும் உடனிருந்தோரின் நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. கைதியாயிருந்த ஒருவருக்காக அரசாங்கம் மௌனமாகச் செய்து வைத்திருந்த ஈம ஏற்பாடு அவருடைய மனைவிக்குப் பயன்பட்டது. காந்தியடிகள் தம் கையால் நூற்ற நூலில் நெய்த சேலை உடுத்தப்பட்டு, மறுநாள் 23-ஆம் தேதி, மகாதேவ தேசாயின் சமாதிக்கு அருகிலேயே கஸ்தூரிபாவின் உடல் தகனமாயிற்று. தீ மூட்டியவர் தேவதாஸ் காந்தி. 1933-இல் இதே புனேயின் பர்ணகுடியில் ராஜாஜியின் மகள் லக்ஷ்மியை மணந்தவர் என்ற வகையில் நம் தமிழகத்துக்கு மாப்பிள்ளை. சிதை முழுதும் எரிந்து தணியும்வரை காந்தியடிகள் அவ்விடம் விட்டு அகலவில்லை. அங்கே எந்த ஸ்தாபனமும் இருக்கவில்லை. வாடகைக்கு எடுத்த பொருள் எதுவும் இல்லை. செய்ய வேண்டியவை யாவும் அருகிலிருந்தவர்களின் கைகளாலேயே நடந்தேறின.

எல்லோருக்கும் அத்தகைய கைகள் வாய்ப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பிள்ளைகள் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியேறிவிட, பெற்றோர் மட்டும் தங்கிய வீடுகள் புனேயில் மிகுதி. அதஸ்ரீ போன்ற முதியோர் குடியிருப்புகள் இங்கே செழித்து வளர்ந்ததற்கும் அதுவே காரணம். பழைய முறையில் இறப்பு நேர்ந்த வீட்டாருக்கு அண்டை வீட்டாரும் சாதிச் சங்கத்தாரும் துணை நின்றார்கள். ‘திர்டி’ என்று மராத்தியர் சொல்லும் மூங்கில் பாடை, மண்பானை, துணி, தர்ப்பை முதலியவற்றை ஒரே கட்டாகத் தரும் கடைகள் பேட்டைகளில் உண்டு. சவ ஊர்தி ஒருவரிடம், குளிர்ப்பெட்டி மற்றொருவரிடம், புரோகிதர் வேறொரு தெருவில் என்று பிரிந்து கிடந்தவற்றை ஒருங்கு சேர்க்கும் பொறுப்பு, எதையும் யோசிக்க முடியாத நிலையிலிருக்கும் வீட்டாரின் தலையில் விழுந்தது. கிறிஸ்தவர்களுக்குச் சவப்பெட்டி செய்து, ஊர்தியும் அமர்த்தி, கல்லறைத் தோட்டத்தில் குழிக்கும் ஏற்பாடு செய்து தரும் தொழில் கண்டோன்மென்ட் நகரங்களில் நெடுநாளாகவே உண்டு. அதனை ஒத்த முழுச் சேவையை இந்துக் குடும்பங்களுக்கும் செய்து தர முன்வந்த கம்பெனிகள் அண்மையில்தான் தோன்றின. 2016-இல் கல்கத்தாவில் ‘அந்த்யேஷ்டி’ என்ற ஸ்தாபனம் தொடங்கியது. 2022 நவம்பரில் தில்லி சர்வதேச வர்த்தகக் கண்காட்சியில் மும்பையின் ‘சுகாந்த்’ என்ற ஸ்தாபனம் அலங்கரித்த பாடையுடன் கடை விரித்தபோது தேசம் முழுவதும் அதைப் பற்றிய வியப்பும் வெறுப்பும் கலந்த பேச்சு எழுந்தது. பாடை சுமக்க ஆட்கள், புரோகிதர், ஊர்தி, அஸ்தி கரைத்தல் யாவும் சேர்ந்த திட்டத்துக்கு உயிரோடிருக்கும்போதே பணம் செலுத்தலாம் என்பதே அந்தப் பேச்சுக்கு முக்கியக் காரணம்.

அந்த வெறுப்பில் நான் பங்கு கொள்ளவில்லை. தோள் கொடுக்க நான்கு பேர் இல்லாத வீட்டுக்குக் கூலிக்கேனும் நான்கு தோள் கிடைப்பது இழிவாகாது. ஆயினும் துயரத்திலிருப்போரிடம் வியாபாரம் செய்வது எங்ஙனம் சீர்கெடக்கூடும் என்பதற்கு மேல்நாட்டு அனுபவம் எச்சரிக்கையாக நிற்கிறது. அமெரிக்காவில் ஜெஸிகா மிட்ஃபோர்டு 1963-இல் வெளியிட்ட நூல், தேவையற்ற பெட்டிகளையும் அலங்காரங்களையும் துக்க வீட்டார் தலையில் கட்டும் வழக்கத்தை அம்பலப்படுத்தியது. இருபதாண்டு விவாதத்துக்குப் பின் 1984-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையத்தின் விதி நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி விலைப்பட்டியல் தர வேண்டும், தொலைபேசியில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும், வேண்டியதை மட்டும் வாங்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு என்பனவே அதன் சாரம். பிரிட்டனில் முன்பணம் பெறும் ஈமத் திட்டங்கள் 2022 ஜூலை முதல் நிதி ஒழுங்குமுறை ஆணையத்தின் கண்காணிப்பின்கீழ் வந்தன. நம் நாட்டில் காப்புறுதிக்கு ஆணையம் இருக்கிறது. ஈமச் சேவைக்காக வாங்கும் முன்பணத்துக்கென்று தனிக் காவல் இல்லை. ஆகவே, பத்து இருபது ஆண்டுகளுக்குப் பின் நேரக்கூடிய காரியத்துக்கு இன்று ஒரு தனியார் கம்பெனியிடம் மொத்தத் தொகையைக் கட்டுவதைவிட, அத்தொகையை மனைவி அல்லது மகள் பெயரும் சேர்ந்த வங்கிக் கணக்கில் வைத்துவிட்டு, கம்பெனியின் பெயரையும் பேசிய விலையையும் மட்டும் குறித்து வைப்பது விவேகம்.

ஸ்தாபனத்தைத் தேர்வதில் கவனிக்க வேண்டியவற்றுள் சில வெளிப்படையானவை. பட்டியல் உருப்படி உருப்படியாக எழுத்தில் இருக்க வேண்டும். சுடுகாட்டுக் கட்டணத்தையும் தம் கூலியையும் கலந்து சொல்பவரிடம் பிரித்துச் சொல்லும்படி கேட்க வேண்டும். மருத்துவமனை வாயிலிலேயே வந்து நிற்கும் தரகர் மூலமாக அல்லாமல், முன்பே விசாரித்து வைத்த எண்ணுக்கு அழைப்பது நல்லது. ஈமச்சடங்கு, அடக்கம், தகனம், பிணவறை, இறந்தவரை எடுத்துச் செல்லுதல் ஆகிய சேவைகள் 2017-ஆம் ஆண்டின் சரக்கு சேவை வரிச் சட்டத்தில் வரிக்குரிய வழங்கலே ஆகாதவை என மூன்றாம் அட்டவணையில் வைக்கப்பட்டிருப்பதால், அவற்றின் மீது வரி சேர்த்துச் சீட்டு தருபவரை ஏனென்று கேட்கும் உரிமை நமக்குண்டு. பாக்கித் தொகையைக் காரணம் காட்டி மருத்துவமனை உடலைத் தர மறுப்பதும் முறையன்று; 2018-இல் தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமை சாசனம் அதைத் தெளிவாகக் கூறுகிறது. இவற்றையெல்லாம்விட முக்கியமாக நான் கருதுவது, அந்த ஸ்தாபனம் குடும்பத்தாரின் கையிலிருந்து எவற்றையெல்லாம் எடுத்துக்கொள்ள முனைகிறது என்பதே. ஊர்தியையும் சீட்டுகளையும் அலைச்சலையும் எடுத்துக்கொள்ளட்டும். குளிப்பாட்டுவதையும், வாய்க்கரிசி இடுவதையும், தோள் கொடுப்பதையும் வீட்டார் விரும்பும் அளவுக்கு அவர்களிடமே விட்டுவைப்பவர்தான் தொழிலறிந்தவர்.

கிரியைகளை நடத்துவோர் பற்றியும் சொல்ல வேண்டும். புனேயின் பண்டார்கர் கீழைத்தேய ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாண்டுரங்க வாமன் காணேயின் ‘தர்மசாஸ்திர வரலாறு’ என்ற பெருநூலின் நான்காம் தொகுதி, 1953-இல் வெளிவந்து 1956-இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது; அந்த்யேஷ்டி, ஆசௌசம், சிராத்தம் பற்றிய விதிகள் காலந்தோறும் தேசந்தோறும் எவ்வளவு வேறுபட்டன என்பதை அதில் விரிவாகக் காணலாம். புத்திரர் இல்லாதபோது பத்தினியும் கிரியைக்கு அதிகாரியாகிறாள் என்பது பழைய நிபந்த நூல்களுக்கே அந்நியமானதன்று. சாவித்திரிபாயின் செயல் சாஸ்திரத்தை மறுத்த புலேயின் இயக்கத்திலிருந்து எழுந்ததாயினும், அன்று அதைத் தடுக்க முயன்றவர்களுக்குச் சாஸ்திரமும் முழுத் துணையாக நின்றிராது. 1962-இல் தொடங்கிய ஞானப்பிரபோதினி என்ற கல்வி நிறுவனம் இதே நகரத்தில் பெண்களையும் பௌரோகித்தியத்தில் பயிற்றுவித்து, மந்திரங்களின் பொருளை மராத்தியில் விளக்கியபடி கிரியைகளை நடத்தும் முறையைப் பரப்பியிருக்கிறது. மகள்கள் மட்டுமே உள்ள குடும்பங்கள் கொள்ளி வைக்க ஒன்றுவிட்ட உறவினனைத் தேடி ஓடாமல், மகளையே கர்த்தாவாக நிறுத்தும் வழக்கம் இந்நகரத்தில் வேரூன்றி வருகிறது.

புனேயில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் காம்ப் பகுதியிலும் ராணுவம், வெடிமருந்துத் தொழிற்சாலை, ரயில்வே, கணக்கர் வேலை என்று வந்து நிலைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் மராத்தியே தாய்மொழிபோல் பேசினாலும், சாவு வீட்டில் மட்டும் நீர்மாலை எடுப்பது யார், சங்கும் சேகண்டியும் எங்கே கிடைக்கும், கருமாதி பதினாறாம் நாளா பதின்மூன்றாம் நாளா என்ற கேள்விகள் திடீரென்று உயிர் பெற்று எழுகின்றன. மராட்டியர் பத்தாம் நாள் நதிக்கரையில் பிண்டம் வைத்துக் காகம் தொடுவதற்காகக் காத்து நிற்பதையும், காகம் வராவிடில் தர்ப்பையால் காகம் செய்து தொடுவிப்பதையும் பார்க்கும் நம்மவர்களுக்கு அது நம் வழக்கத்தின் உடன்பிறப்பாகவே தோன்றும். மற்றவற்றில் உள்ள வேறுபாடுகளை வாத்தியாரோடு முன்பே பேசிவைத்தால் தீர்க்கலாம். உடலையே ஊருக்குக் கொண்டுபோவதா என்பதுதான் பெரிய பிரச்சினை. விமானத்தில் ஏற்ற வேண்டுமாயின் உடலைப் பதப்படுத்திய சான்று, காவல் நிலையத்தின் ஆட்சேபனையின்மைக் கடிதம், மரணத்துக்கான சான்று, பெட்டி அடைத்ததற்கான சான்று எல்லாம் வேண்டும். சாலை வழியாயின் சென்னைக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், திருநெல்வேலிக்கோ இன்னும் மிகுதி. வயது முதிர்ந்து இறந்தவரைப் பெட்டியில் அடைத்து அவ்வளவு தூரம் அலைக்கழிப்பதைவிட, வாழ்ந்த நகரத்திலேயே தகனம் செய்து, அஸ்தியோடு ஊருக்குச் சென்று பதினாறாம் நாள் காரியத்தை உறவினர் நடுவில் நடத்துவது இறந்தவருக்கும் இருப்பவர்க்கும் மரியாதையானது என்பது என் முடிவு. தாய் தந்தையரின் சொந்த ஊர்ப் பற்று எத்தகையது என்பதை அறிந்தவர்கள் மாறாக முடிவு செய்தால், அதையும் அவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யட்டும்.

உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தானம் செய்ய விரும்புவோர் புனேயில் கணிசமாக இருக்கிறார்கள். 1949-ஆம் ஆண்டின் உடற்கூற்றுச் சட்டம் இதற்கு இடமளிக்கிறது, பி. ஜே. மருத்துவக் கல்லூரி, ராணுவ மருத்துவக் கல்லூரி முதலியன இங்கேயே உள்ளன. ஆயினும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. குடும்பத்தாருள் ஒருவர் எதிர்த்தாலே கல்லூரிகள் தயங்கும். கேரளத்தில் 2024 செப்டம்பரில் காலமான பொதுவுடைமைத் தலைவர் எம். எம். லாரன்ஸின் உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தருவது பற்றி அவருடைய மக்களுக்குள்ளேயே எழுந்த பிணக்கு உயர் நீதிமன்றம்வரை சென்று, தானத்துக்குச் சார்பாகவே தீர்ந்தது என்றாலும், அதுவரை அந்த உடல் பிணவறையில் காத்துக் கிடந்தது.

யாருமே உரிமை கோராத உடலின் கதியையும் 2020-ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது. கொரோனா நோய்த் தொற்றுக்கு அஞ்சி உறவினரும் நெருங்காத நாட்களில், புனேயில் மூல்நிவாசி முஸ்லிம் மஞ்ச் என்ற அமைப்பின் தொண்டர்கள் இந்துக்களின் உடல்களைத் தகனத்துக்கும், மற்றவர்களின் உடல்களை அடக்கத்துக்கும் எடுத்துச் சென்று அவரவர் சமய முறைப்படி கடன் முடித்தார்கள். அவ்வாண்டு ஏப்ரலில், நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து தாமும் இறந்த மருத்துவர் ஒருவரின் அடக்கத்தைச் சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்து தடுத்தபோது, கண்ணியமான அடக்கம் பெறுவதும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு கூறியது. வீடற்றவர்களின் உடலுக்கும் அந்தக் கண்ணியம் உரியது என்று 2002-இலேயே உச்ச நீதிமன்றமும் ஏற்றிருந்தது.

ஆகவே, ஒருவர் தம் ஈமக்கடனைத் திட்டமிட விரும்பினால் ஒரு தாள் போதும். முடிவு சொல்ல உரியவர் யார் என்று ஒருவர் பெயர், அவர் எட்ட முடியாதபோது நிற்க வேண்டிய இரண்டாமவர் பெயர். தகனமா, அடக்கமா, தானமா என்பது. விறகா மின்சாரமா என்பது. எந்தக் கிரியை, எந்த வாத்தியார், அல்லது கிரியையே வேண்டாம் என்பது. அஸ்தி ஆளந்தியில் இந்திராயணியிலா, காவிரியிலா, வேறெங்கேனுமா என்பது. சென்று பார்க்கும் மருத்துவரின் தொலைபேசி எண். செலவுக்கான பணம் எந்தக் கணக்கில் உள்ளது என்பது. இருவர் சாட்சியோடு கையெழுத்திட்டால் இன்னும் நன்று. சொத்துக்கான உயிலோடு சேர்த்து இதை வங்கிப் பெட்டகத்தில் வைப்பவர்கள் உண்டு. அந்தப் பெட்டகம் திறக்கப்படுவது பெரும்பாலும் கருமாதிக்குப் பிறகு. எனவே ஆதார் அட்டையும் ரேஷன் அட்டையும் இருக்கும் உறையிலேயே இதையும் வைத்து, அந்த உறை வீட்டில் எங்கே இருக்கிறது என்பதைத் தாளில் பெயர் குறித்த இருவரிடமும், அவர்கள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பாராயின் பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிவைக்க வேண்டும்.